எத்தனை அடி, டீச்சர்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டீக்கடையில் உட்கார்ந்தால் ஏ.ஐ., வீட்டுக்கு வந்தால் வாக்கு இயந்திரம், போனைத் திறந்தால் அணு உலை. எல்லோரும் எல்லாவற்றுக்கும் தீர்ப்பு எழுதுகிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் மட்டும் பேசினால் போதாதா டீச்சர்?
– ரா.மு., உத்தமபாளையம்

பதில்: போதாது. 31 வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவள் இதைச் சொல்கிறேன்.

காலை ஐந்தரை மணிக்குக் கம்பத்தில் எங்கள் தெரு முனையில் ஏலத்தோட்டத்து ஜீப் வந்து நிற்கும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். கம்பம்மெட்டு ஏறி, கேரளத்துத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, பொழுது சாய இறங்கி வருவார்கள். போடி மலையில் நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வகம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த 2015-ல் ஒரு நாள் நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். ஜீப்பில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா கேட்டார்: "மலைக்குள்ள வெடி வச்சா ஊத்துக்கண்ணு அப்படியே இருக்குமா, எடம் மாறிப் போயிருமா டீச்சர்?" துகள், கதிர் என்று ஒரு வகுப்பே எடுக்க நான் தயாராக இருந்தேன். அவர் கேட்டதோ தண்ணீரைப் பற்றி. அந்தத் திட்டம் குறித்து அதுவரை என்னிடம் வந்த கேள்விகளில் அதுதான் உருப்படியானது. கேட்டவர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்.

அதனால் எல்லோரும் பேசட்டும். பேசுகிற விஷயத்தில் ஒரே ஓர் அளவையாவது கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள் என்றுதான் கேட்கிறேன். எத்தனை அடி, எவ்வளவு தூரம், யார் அளந்தது? இந்த மூன்றில் ஒன்று தெரிந்தால்கூடப் பேச்சு வேறு தினுசாக இருக்கும்.


கேள்வி: 'நாளை முதல் பூமி சூரியனை விட்டு வெகுதூரம் போகிறது. ஆகஸ்ட் வரை கடுங்குளிர், இருமல், உடம்புவலி வரும்' என்று ஒவ்வொரு ஜூலையிலும் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையா?
– வாசகி, சின்னமனூர்

பதில்: பூமி தள்ளிப் போவது உண்மை, வருடா வருடம் நடப்பதுதான். ஜூலை முதல் வாரத்தில் சூரியனுக்கும் நமக்கும் சுமார் 15.2 கோடி கிலோமீட்டர் தூரம். ஜனவரி முதல் வாரத்தில் 14.7 கோடி. இதனால் பூமிக்கு வந்து சேரும் வெயிலில் ஏறக்குறைய 7 சதவீதம் வித்தியாசம் உண்டு.

அந்தச் செய்தியில் 'வழக்கமான தூரம் 9 கோடி கிலோமீட்டர்' என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். வெள்ளிக் கிரகமே சூரியனிலிருந்து சுமார் 10.8 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. 9 கோடியில் நாம் இருந்தால் வெள்ளியைத் தாண்டி உள்ளே போயிருப்போம். கம்பத்துத் திராட்சைப் பந்தல் ஒன்றுகூட மிஞ்சாது. அந்த ஒரு எண்ணைச் சரிபார்த்தாலே செய்தி முழுவதும் உதிர்ந்துவிடும்.

ஜூலையில் நமக்குக் குளிர்வது தென்மேற்குப் பருவக்காற்றால். தேக்கடிப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு மிச்சத்தைச் சாரலாக நம் பக்கம் தள்ளுகிறது. பூமியின் தூரம்தான் காரணம் என்றால் அதே ஜூலையில் டெல்லிக்காரர் புழுக்கத்தில் வேர்த்துக் கொட்ட வேண்டியதில்லை.


கேள்வி: முல்லைப் பெரியாறு அணை இன்றோ நாளையோ உடைந்துவிடும் என்று கேரளத்தில் சிலர் சொல்கிறார்கள். அதெல்லாம் வெறும் அரசியல், அணைக்கு ஒன்றுமே ஆகாது என்று நம் ஆட்கள் சொல்கிறார்கள். எல்லையில் இருக்கிற நீங்கள் யார் பக்கம்?
– க.பெ., மேலூர்

பதில்: எனக்கு இரண்டு பக்கமும் வீடு இருக்கிறது ஐயா.

கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு போகம் விளையும் நிலம் 14,707 ஏக்கர். அதில் மூன்று ஏக்கர் என் தம்பியுடையது. தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாக மலையைக் கடந்து, லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுத்துக்கொடுத்துவிட்டு வரும் தண்ணீர்தான் அவன் வயலில் பாய்கிறது. அதே தண்ணீர்தான் வைகை அணை போய், உங்கள் மேலூர்க் கால்வாய்க்கும் வருகிறது. என் அக்கா வாக்கப்பட்டது வண்டிப்பெரியாற்றில், தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்தில். அணைக்குக் கீழே, ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு.

2018 ஆகஸ்ட் 15 அதிகாலை. நீர்மட்டம் 140 அடியைத் தாண்டி, கேரளப் பக்கம் ஷட்டர்களைத் திறந்துவிட்ட நேரம். அக்கா எனக்குப் போன் செய்தாள். ரேஷன் கார்டு, அத்தானின் சர்க்கரை மாத்திரை, பேத்தியின் பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு ரெக்சின் பையில் போட்டு வாசல்படியில் வைத்திருப்பதாகச் சொன்னாள். அப்புறம் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டு, "ஆத்துச் சத்தம் கேக்குதாடி?" என்றாள். கேட்டது. லாரி ஒன்று நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதைப் போல ஒரு சத்தம். அந்தப் பயத்தை நடிப்பு என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடியாது. 2011 டிசம்பரில் இதே அணைத் தகராறில் குமுளிப் பாதை அடைபட்டு, தோட்ட வேலைக்குப் போன நம் பெண்கள் பயந்து நடுங்கி இறங்கி வந்ததையும் பார்த்தவள் நான். அதையும் மறக்க மாட்டேன்.

சரி, அளவுக்கு வருவோம். 1886-ல் திருவிதாங்கூர் மன்னருக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம். பென்னிகுவிக் தலைமையில் 1895-ல் அணை முடிந்தது. கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் வைத்துக் கட்டியது. செங்கல்லைச் சுட்டுப் பொடித்ததுதான் சுர்க்கி. தன் எடையாலேயே தண்ணீரைத் தடுத்து நிற்கும் வகை அணை இது. முழுக் கொள்ளளவு மட்டம் 152 அடி. பலப்படுத்தும் வேலைக்காக 1979-ல் 136 அடியாகக் குறைத்தார்கள். அணையின் தலையில் கான்கிரீட் சுமை ஏற்றினார்கள், கம்பி வடங்களைத் துளையிட்டு இறக்கி அடிப்பாறையோடு பிணைத்தார்கள், பின்பக்கம் கான்கிரீட் முட்டுக்கொடுத்தார்கள். 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரியில் சொன்னது. அடுத்த மாதமே 136-க்கு மேல் கூடாது என்று கேரளம் சட்டம் போட்டது. அந்தச் சட்டம் செல்லாது என்று 2014 மே 7-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன் நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான குழு அணையைப் பரிசோதித்து, பாதுகாப்பாக இருக்கிறது என்று அறிக்கை கொடுத்திருந்தது.

இன்னொரு மட்டமும் நம் ஆட்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: 104 அடி. அதற்குக் கீழே போனால் சுரங்கத்துக்குத் தண்ணீர் ஏறாது. நாம் சண்டை போடுவது 104-க்கும் 142-க்கும் இடையில் உள்ள 38 அடித் தண்ணீருக்காக.

136-க்கும் 142-க்கும் ஆறடிதானே, அதற்கா இவ்வளவு சண்டை என்று இரு பக்கமும் கேட்பார்கள். வகுப்பில் தகர டப்பா ஒன்றில் மேலே, நடுவே, கீழே என்று மூன்று துளை போட்டுத் தண்ணீர் நிரப்பிக் காட்டுவேன். அடித்துளையில்தான் தண்ணீர் வேகமாகப் பீறிடும். ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும். அணையின் மேல் விழும் மொத்த விசை நீர்மட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடும். கணக்குப் போட்டால் 136-லிருந்து 142 ஆகும்போது விசை சுமார் 9 சதவீதம் கூடுகிறது. அணையைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புத்திறன் சுமார் 14 சதவீதம். 152-க்குப் போனால் விசை 25 சதவீதம் அளவுக்குக் கூடும். ஆறடி என்பது ஒன்றுமே இல்லை என்று சொல்வதும் தப்பு, ஆறடியில் உலகமே முடிந்துவிடும் என்பதும் தப்பு. அந்த 9 சதவீதத்தைத் தாங்குமா என்று அளந்து சொல்வதுதான் பொறியாளர் வேலை. அளந்திருக்கிறார்கள். திரும்பத் திரும்ப அளந்துகொண்டே இருக்கவும் வேண்டும். 130 வருடம் தாண்டிய கட்டுமானம் அது.

'தமிழ்நாட்டுக்குத் தண்ணீர், கேரளத்துக்குப் பாதுகாப்பு' என்பது கேரளத்துக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் வாசகம். எனக்கு அதில் ஆட்சேபம் கிடையாது. என் தம்பிக்கும் கிடையாது. புது அணை கட்டித்தான் அது நடக்க வேண்டுமா என்பதில்தான் தகராறு. 2021-ன் அணைப் பாதுகாப்புச் சட்டம், சுயேச்சையான நிபுணர்களை வைத்துக் குறிப்பிட்ட கால இடைவெளியில் முழு ஆய்வு நடத்தச் சொல்கிறது. அந்த ஆய்வு இரண்டு மாநிலத்து ஆட்களின் கண் முன்னால் நடக்கட்டும் என்பது என் கருத்து. அணையில் எத்தனை லிட்டர் கசிகிறது என்ற கணக்கைத் தமிழிலும் மலையாளத்திலும் தினமும் போடட்டும். நீர்மட்டம் வருகிற பத்திரிகையிலேயே கசிவும் வரட்டும். என் அக்கா வீட்டில் அதைப் படிக்க ஆள் இருக்கிறது.


கேள்வி: ஓட்டு மெஷினில் எந்தப் பட்டனை அழுத்தினாலும் ஒரே கட்சிக்கு விழுகிறது என்கிறார்கள். நீங்கள் தேர்தல் வேலை பார்த்தவர். உங்கள் அபிப்பிராயம் என்ன?
– எஸ்.கே., தேவாரம்

பதில்: மூன்று தேர்தலில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்திருக்கிறேன். வாக்குப்பதிவு தொடங்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது, கட்சி ஏஜென்ட்டுகள் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு நடத்த வேண்டும். குறைந்தது 50 ஓட்டு. யார் யாருக்கு எத்தனை அழுத்தினோம் என்று தாளில் குறித்துக்கொண்டே வருவோம். பிறகு இயந்திரக் கணக்கையும் ஒப்புகைச் சீட்டையும் அதோடு ஒத்துப் பார்ப்போம். சரியாக இருந்தால் கணக்கை அழித்து, சீட்டுகளை எடுத்துப் பின்பக்கம் முத்திரை குத்திக் கறுப்பு உறையில் போட்டு ஒட்டுவோம். நான் பார்த்த மூன்று முறையும் கணக்கு ஒத்துப்போனது.

ஆனால் ஒரு தேர்தலில் நான் தவறப் பார்த்தேன். வரிசை வாசல் வரை வந்துவிட்டது, மணி ஏழு ஆகப் போகிறது. பதற்றத்தில் மாதிரி ஓட்டுகளை அழிக்காமலே வாக்குப்பதிவைத் தொடங்க இருந்தேன். "டீச்சர், கிளியர் பண்ணல நீங்க" என்று சத்தம் போட்டது ஓர் ஏஜென்ட். நான் ஒருபோதும் ஓட்டுப் போட்டிராத கட்சியைச் சேர்ந்த பையன். அவன் இல்லாவிட்டால் 50 பொய் ஓட்டோடு அந்த இயந்திரம் எண்ணும் இடத்துக்குப் போயிருக்கும். அன்றைக்கு அவன் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். இப்போதும் சொல்கிறேன். இயந்திரத்தைச் சந்தேகப்படுகிறவர்கள் முதலில் எல்லாச் சாவடியிலும் விடிவதற்கு முன்பே போய் உட்காரும் ஏஜென்ட்டை அனுப்ப வேண்டும். முடிவில் மொத்த ஓட்டுக் கணக்கு எழுதிய 17சி படிவத்தின் நகலைக் கேட்டு வாங்காமல் எழுந்து வரக் கூடாது.

இந்த இயந்திரம் முதலில் தேர்தலுக்கு வந்தது நம் பக்கத்து மாநிலத்தில்தான். 1982-ல் கேரளத்தின் பரவூர் தொகுதி, 50 வாக்குச்சாவடிகளில். இயந்திரம் வேண்டாம் என்று தேர்தலுக்கு முன்பே நீதிமன்றம் போனவர் சிவன் பிள்ளை. ஜெயித்தவரும் அவர்தான். தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குப் போட, இயந்திரத்தைப் பயன்படுத்த அப்போதைய சட்டத்தில் இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் அந்த 50 சாவடிகளின் தேர்தலை ரத்து செய்து, மறுவாக்குப்பதிவு நடத்தச் சொன்னது. அதற்குப் பிறகுதான் சட்டத்தையே திருத்தினார்கள். இயந்திரம் கெட்டுப்போனது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை; சட்டம் இல்லாமல் செய்யாதே என்றது.

'எதை அழுத்தினாலும் ஒரே கட்சிக்கு' என்ற பேச்சை நான் நம்பவில்லை. 7 வினாடி கண்ணாடிக்குள் தெரியும் சீட்டை லட்சக்கணக்கான பேர் பார்க்கிறார்கள், எல்லோரும் சும்மா இருக்க மாட்டார்கள். அதற்காக எண்ணுவது போதும் என்றும் சொல்ல மாட்டேன். இப்போது ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 சாவடிச் சீட்டுகளைத்தான் எண்ணி ஒப்பிடுகிறார்கள். எல்லாவற்றையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வித்தியாசம் மிகக் குறைவாக இருக்கும் தொகுதியிலாவது கூடுதலாக எண்ணலாம் என்பது என் ஆசை. கூட அரை நாள் ஆகும், அவ்வளவுதானே.


கேள்வி: நியூட்ரினோ ஆபத்தானதா? போடி மலையில் ஆய்வகம் வேண்டாம் என்று நாங்கள் போராடியது சரியா தப்பா? நேராகப் பதில் சொல்லுங்கள் டீச்சர்.
– இளைஞர், பொட்டிப்புரம் அருகே

பதில்: நேராகவே சொல்கிறேன். நியூட்ரினோ ஆபத்தில்லை. நீங்கள் மலையைப் பற்றிக் கேட்ட கேள்விகள் சரி.

உங்கள் கட்டைவிரல் நகத்தை நீட்டுங்கள். அதன் ஒரு சதுர சென்டிமீட்டர் வழியாக ஒவ்வொரு வினாடியும் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் சூரியனிலிருந்து வந்து போகின்றன. ராத்திரியிலும் வரும், பூமியைத் துளைத்துக்கொண்டு காலடியிலிருந்து வரும். எதனோடும் மோதாமல் போவதுதான் அதன் குணம். 1930-ல் பவுலி என்ற விஞ்ஞானி இப்படி ஒரு துகள் இருக்கலாம் என்று எழுதினார். அதைப் பிடித்துக் காட்ட 26 வருடம் ஆனது. நம் சின்னமனூர் வாழைப்பழத்தில்கூட இருக்கிறது: பழத்தில் உள்ள பொட்டாசியத்தில் வினாடிக்குப் பதினான்கு, பதினைந்து அணுக்கள் சிதைகின்றன, பெரும்பாலான சிதைவில் நியூட்ரினோவின் எதிர்த்துகள் ஒன்று வெளியே போகிறது. ஆய்வகம் வந்தால் நியூட்ரினோ கூடிவிடும், கரு கலையும் என்று அப்போது மேடையில் பேசியவர்கள் தாய்மார்களை வீணாகப் பயமுறுத்தினார்கள். எனக்கு அதில் இன்னமும் கோபம் உண்டு. மலைக்கு அடியில் போவது எதற்கென்றால், விண்ணிலிருந்து வரும் மற்ற துகள்களைப் பாறை தடுத்து வடிகட்டும் என்பதற்காக. கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் 1965-லேயே நம் விஞ்ஞானிகள் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டார்கள்.

மலைப் பக்கம் வாருங்கள். 2 கிலோமீட்டர் அளவுக்குச் சுரங்கம், உள்ளே 50,000 டன் இரும்பில் கருவி. குடைவதற்கு வெடி, குடைந்த பாறையை அள்ளிச் செல்ல லாரி, வேலைக்குத் தண்ணீர். கேரளத்து மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. அந்த இடம் அங்கிருந்து பெரியாறு புலிகள் காப்பகம் வரை புலி நடமாடும் வழித்தடம் என்றுதான் 2022-ல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது. பின்னாளில் வெளிநாட்டிலிருந்து நியூட்ரினோக் கற்றையை இங்கே அனுப்புவது பற்றியும் ஒரு கட்டத்தில் பேசினார்கள். அதைப் பற்றிக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

இயற்பியல் டீச்சராக எனக்கு அந்த ஆய்வகம் வர வேண்டும் என்ற ஆசை இருந்தது, மறைக்கவில்லை. மதுரையில் 85 டன்னில் அதன் மாதிரிக் கருவி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது மனசு துள்ளியது. ஆனால் ஊருக்குள் பேச வந்தவர்கள் துகளைப் பற்றியே பேசினார்கள். ஜீப்பில் போன அம்மா கேட்டது ஊற்றைப் பற்றி. அவருக்கு யாரும் கிணறு கிணறாக அளந்து வைத்து, 'வேலைக்கு முன் இத்தனை அடி, பின் இத்தனை அடி, குறைந்தால் இன்னார் பொறுப்பு' என்று எழுதிக் கொடுக்கவில்லை. அதை முதலில் செய்திருக்க வேண்டும்.


கேள்வி: குடும்பக் குழுவில் மாமா அனுப்பும் தப்பான மருத்துவச் செய்திகளை எல்லோர் முன்னாலும் திருத்தலாமா?
– வாசகி, கூடலூர்

பதில்: வேண்டாம்மா. தனியாகப் போன் செய்யுங்கள். உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் அனுப்புகிறார். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் செய்தி என்றால் மட்டும் குழுவிலேயே உடனே மறுத்துவிடுங்கள். அதில் தாமதம் கூடாது.


கேள்வி: இனிமேல் எல்லாவற்றையும் ஏ.ஐ.யிடமே கேட்டுக்கொள்ளலாமே? டீச்சர் எதற்கு, கேள்வி பதில் பகுதி எதற்கு?
– கல்லூரி மாணவர், ஆண்டிப்பட்டி

பதில்: கேளுங்கள். நானும் கேட்கிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். மேலே சொன்ன அணைக் கணக்கையே அவன் போனில் ஒரு செயலியிடம் தமிழில் கேட்டான்: 136 அடி 142 ஆனால் விசை எத்தனை சதவீதம் கூடும்? 4.4 சதவீதம் என்று பளிச்சென்று பதில் வந்தது. நோட்டில் எழுதிவிட்டான். "டேய், நீ சொல்றது உயரம் கூடினது. விசை எதைப் பொறுத்துடா?" என்றேன். தலையைச் சொறிந்தான், தகர டப்பா ஞாபகம் வந்தது, வர்க்கம் போட்டான், 9 வந்தது. அதைச் செயலியில் தட்டினான். 'நீங்கள் சொல்வது சரி, மன்னிக்கவும்' என்றது. எனக்குச் சந்தேகம். "இல்ல, 20 சதவீதம்னு போடு" என்றேன். போட்டான். அதற்கும் 'நீங்கள் சொல்வது சரி' என்றது. பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவனுக்கு அன்று விளங்கியதை நான் ஒரு வருடம் பாடம் நடத்தினாலும் விளங்க வைத்திருக்க முடியாது.

இந்தச் செயலிகள் கோடிக்கணக்கான எழுத்தைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்து எழுதுபவை. தமிழில் படிக்கக் கிடைப்பது ஆங்கிலத்தைவிடக் குறைவு. கடிதம் எழுத, பாடத்தைச் சுருக்க, பிழை பார்க்க நல்ல துணை. ஆனால் எண் வந்தால் பேனாவை எடுத்து நீங்களும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள் தம்பி. டீச்சர் சொன்ன எண்ணையும் அப்படியே செய்யுங்கள்.


கேள்வி: செல்போன் டவரால் சிட்டுக்குருவி அழிந்துவிட்டதா?
– ம.தே., பெரியகுளம்

பதில்: டவர்தான் காரணம் என்று சொல்லும் அளவுக்கு வலுவான சான்று இல்லை. டவரிலிருந்து வருவது ரேடியோ அலை. ஒளியைவிடப் பல மடங்கு ஆற்றல் குறைந்தது, அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் கதிர்வீச்சு இல்லை. சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் டவர் வெளிவிடலாம் என்று 2012 செப்டம்பரில் இந்தியாவில் விதி கொண்டுவந்தார்கள்.

எங்கள் பழைய வீடு ஓட்டு வீடு. சாமி படத்துக்குப் பின்னால், உத்திரத்து இடுக்கில் எல்லாம் குருவிக்கூடு. முற்றத்தில் நெல் காயும், பக்கத்திலேயே வைக்கோல்போர் இருக்கும், அதில் புழு பூச்சி இருக்கும். குஞ்சுக்கு முதல் நாட்களில் பூச்சிதான் ஆகாரம். 1998-ல் இடித்து கான்கிரீட் போட்டோம், ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தோம், அரிசி பாக்கெட்டில் வந்தது. குருவி போய்விட்டது. அப்போது எங்கள் தெருவில் டவரே கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் மாடிப்படி அடியில் துளை போட்ட மண்கலயம் ஒன்றைக் கட்டிவிட்டேன். மூன்று வீடு தள்ளி டவர் நிற்கிறது. இந்தச் சித்திரையில் கலயத்தில் குஞ்சு பொரித்தது. ஒரு வீட்டு அனுபவம் ஆய்வாகிவிடாது, தெரியும். ஆனாலும் கலயம் கட்ட முப்பது ரூபாய்கூட ஆகாது, கட்டிப் பாருங்கள்.


கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். அணையைப் பற்றி எங்கள் வகுப்பில் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். நானும் பேச வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்குவது?
– மாணவி, க.புதுப்பட்டி

பதில்: நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கு கண்ணு. தினமும் பேப்பரில் அணை நிலவரம் வரும். நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு என்று நாலு எண் இருக்கும். நாலு கட்டம் போட்டுத் தேதி வாரியாக எழுது. முதல் போகத்துக்கு வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறப்பார்கள், அன்றிலிருந்து ஆரம்பி. ஐந்தாவது கட்டம் ஒன்று சும்மா விட்டுவை. உங்கள் ஊரில் அன்றைக்கு மழை உண்டா இல்லையா என்பதை நீயே பார்த்து எழுது. மழை பெய்து எத்தனை நாள் கழித்து நீர்வரத்து ஏறுகிறது என்று ஆடி முடிவதற்குள் உனக்கே பிடிபடும்.

நானும் பல வருடமாக எழுதுகிறேன். அக்காவும் அந்தப் பக்கம் ஆற்றில் எத்தனை படி முங்கியிருக்கிறது என்று எனக்குப் போனில் சொல்வாள், அதையும் ஓரத்தில் குறிப்பேன். ஒரு போகம் முடிந்ததும் உன் நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.